மாசிப்பத்திரி என்று அம்மா சொன்ன இலை

மழை விட்ட காலைகளில் அந்தக் காலி மனையைப் பார்த்தால், மேகம் ஒன்று வந்து படுத்துவிட்டு எழுந்து போக மறந்ததுபோல் இருக்கும். ஹைதராபாத் மெட்டுகுடாவில் எங்கள் சந்திலிருந்து மாரெட்பள்ளிக்குக் குறுக்கு வழியில் நடந்தால் அந்த மனை வரும். உள்ளே இடுப்பு உயரத்துக்குச் செடிகள். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் அரிசிக் குருணையைத் தூவியதுபோல் வெள்ளைப் பூ. பள்ளிக்கூடம் போகும்போது சுற்றுச்சுவர் உடைந்த இடத்தில் நின்று உள்ளே பார்ப்பேன். காற்று வந்தால் வெள்ளை முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்து, யோசித்து, மெல்ல நிமிரும். அதற்குள் நடந்து போனால் மறுபக்கம் வேறு ஊர் வந்துவிடும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது.

தெலுங்குக்காரர்கள் அந்தச் செடியை வய்யாரி பாமா என்பார்கள். ஒயிலாக அசைந்து நடக்கிற பெண் என்று அர்த்தம். அதற்குப் பார்த்தீனியம் என்று இன்னொரு பெயர் இருப்பது கல்லூரியில் தாவரவியல் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து எல்லாத் தரிசிலும் பரவிய களை. மற்றச் செடிகளை வளரவிடாது. அதன் மகரந்தம் சிலருக்கு மூச்சை அடைக்கும், அதன் இலை சிலருக்குத் தோலைப் புண்ணாக்கும். இதையெல்லாம் படித்த பிறகும் அந்த வெள்ளையின் மேல் எனக்கிருந்த மயக்கம் முழுவதுமாகப் போகவில்லை. கெட்டது என்று தெரிந்துகொண்டே ஒன்றை அழகு என்று நினைக்க மனசுக்கு ஒரு சிரமமும் இருப்பதில்லை.

அம்மா பூக்காரி. அப்பாவும் அம்மாவும் கல்யாணமான புதிதில் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ரயில் பாதை ஒப்பந்த வேலைக்கு இங்கே வந்தார்கள். அப்பா பாதை வேலையிலேயே இருந்துவிட்டார். அம்மா கூடையை எடுத்துக்கொண்டு மாரெட்பள்ளிக் கோயில் தெருவுக்குப் போனாள். அங்கே தமிழ் வீடுகள் நிறைய. மத்திய அரசு வேலை, ராணுவ ஆய்வுக்கூட வேலை என்று வந்து மூன்று தலைமுறையாகத் தங்கிவிட்ட குடும்பங்கள். அவர்களுக்குக் கதம்பம் வேண்டும். மல்லிகை, கனகாம்பரம், நடுநடுவே வாசமுள்ள பச்சை இலை வைத்து நெருக்கமாகக் கட்டிய கதம்பம். அம்மாவின் கதம்பத்துக்கு அந்தத் தெருவில் ஒரு மரியாதை உண்டு. விடியும் முன்னே வாசற்படியில் உட்கார்ந்து கட்டுவாள். அவள் விரல்கள் நாரோடு பேசிக்கொண்டிருக்கும், கண் எங்கோ இருக்கும். நான் பாதித் தூக்கத்தில் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். பூ ஒன்று, முடிச்சு ஒன்று, இலை ஒன்று. அது என்னைத் திரும்பத் தூக்கத்துக்குள் இழுத்துவிடும்.

அந்த விரல்கள்தான் கெட்டன. ஒவ்வொரு மழைக்காலத்திலும் அரிக்கும். பிறகு தோல் கருத்துத் தடிக்கும். பிறகு வெடிக்கும். வெடித்த இடத்தில் நார் படும்போது அவள் பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்கும். சோப்பு என்றாள், சோப்பை மாற்றினோம். நாரின் சாயம் என்றாள், வெள்ளை நூலுக்கு மாறினாள். தண்ணீர் என்றாள். தண்ணீரை யாரால் மாற்ற முடியும்? நான் வேலைக்குப் போக ஆரம்பித்த வருஷம், கோடை மழைக்கே இமை வரை வீங்கிவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார். "மருந்து அடக்கத்தான் செய்யும். எதைத் தொட்டு வருகிறதோ அதைக் கண்டுபிடித்து விலக்க வேண்டும். இல்லையென்றால் இந்தக் கையால் இவர் பூக் கட்டுவது முடியாது."

அம்மா வெளியே வந்ததும், "பூவத் தொட்டுத்தான் வருதுன்னு சொல்லிடுவாரோன்னு பயந்தேன்டி" என்றாள். "பூவ விட்டுட்டு நான் இன்னாத்த பண்றது?"

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். இதைச் சொல்ல நான் எங்கேயும் கூச்சப்பட்டதில்லை. தெலுங்கும் இங்கிலீஷும் பள்ளியில் படித்தேன். தமிழ் எழுத்தைக் கோயில் மண்டபத்தில் நடந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பிடிவாதமாகக் கற்றுக்கொண்டேன். பட்டான்செருப் பக்கம் தொழிற்சாலை வளாகங்களின் காலி நிலங்களைப் பராமரிக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் எனக்கு வேலை. எந்த இடத்தில் என்ன களை முளைத்திருக்கிறது, அதை எப்போது எப்படி எடுக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை அம்மா ஈரத்துணியால் துடைத்துக் கொடுப்பாள். "எம் பொண்ணு ஆபீசரு" என்று பக்கத்துக் கூடைக்காரியிடம் சொல்வாள். "இன்னா ஆபீசரு?" என்று அவள் கேட்டால், "புல்லு புடுங்கற ஆபீசரு" என்பாள். இருவரும் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும். ஆனாலும் அட்டையை நேராகத்தான் வைத்துக்கொள்வேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அடுத்த வாரம். பருவமழையின் முதல் மழை பெய்து, தெரு மண்ணெல்லாம் இளகிக் கிடந்த ஒரு சாயங்காலம். ஷேர் ஆட்டோ, பஸ், மறுபடி ஆட்டோ என்று மாறி வந்து இறங்கினேன். வாசற்படியில் அம்மா மறுநாளைக்கான இலையை முறத்தில் பரப்பி ஆய்ந்துகொண்டிருந்தாள். கதம்பத்தின் நடுவில் வைக்கிற இலை. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. சின்ன வயதிலிருந்து அந்த முறத்தை நான் எத்தனையோ முறை தாண்டிப் போயிருக்கிறேன். அன்றைக்கு மதியம் முழுவதும் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் பின்புறம், தரையோடு தரையாக விரிந்து கிடந்த அதே இலையைக் காட்டி, "இதுதான், பூ வருவதற்குள் எடுத்துவிட வேண்டும்" என்று ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆழமாக வெட்டுப்பட்டு, கேரட் தழைபோல் பிரிந்த இலை.

ஒரு இலையை எடுத்துக் கசக்கி முகர்ந்தேன். பச்சை வாடைதான் வந்தது.

"இது என்னம்மா?"

"மாசிப்பத்திரி."

"எங்க பறிச்ச?"

"மாமி ஊட்டுப் பக்கத்து மனையில. மண்டியில வாங்குனா கட்டுப்படி ஆவுமா?"

நான் கைகால் கழுவக்கூடப் போகாமல் அங்கேயே உட்கார்ந்தேன். அம்மாவின் ஊரில் பிள்ளையார் சதுர்த்திக்கு அருகம்புல்லும் எருக்கம்பூ மாலையும் போதும். இங்கே அப்படி இல்லை. விநாயக சவிதிக்கு இருபத்தொரு வகை இலை வைக்க வேண்டும், பத்ரி என்பார்கள். அதில் முதலில் வருவது மாசிப்பத்திரி. வந்த புதிதில் அம்மா அந்தப் பெயர்களை எல்லாம் தெலுங்குப் பெண்களிடம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறாள். மாசிப்பத்திரியை மட்டும் அவள் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. யாரோ இந்த மனையைக் கைகாட்டியிருக்கிறார்கள். வெட்டுவெட்டான இலை, பார்த்தால் தவனத்துக்கு அக்கா மாதிரி இருந்ததாம். பண்டிகைக்குப் பறித்தது அழகாக இருக்கவே, மழைக்காலம் முழுவதும் கதம்பத்துக்கும் அதையே வைத்துக் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா, இது மாசிப்பத்திரி இல்ல. வய்யாரி பாமா."

அம்மா முறத்தைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "எனுக்கு வய்யாரி பாமா தெரியாதாடி? அது இம்மாம் ஒசரம், வெள்ளப்பூ வெச்சிக்கினு ஆடிக்கினு நிக்கும். அதுங்கிட்ட போனா தும்மல் வரும்னு நான் ஒதுங்கித்தான் போறேன். இது தரையோட கெடக்கற எல. அதும் எல பொடிப்பொடியா இருக்கும். இத்தப் பாரு, உள்ளங்கையாட்டம்."

அவள் சொன்னதில் தப்பில்லை. இரண்டும் இரண்டு செடி மாதிரியேதான் இருக்கும். முதலில் அது தட்டு விரித்ததுபோல் தரையோடு ஒட்டிப் பெரிய இலைகளை மட்டும் விடும். அப்போது தண்டு கிடையாது, பூ கிடையாது. ஆள் வேறு. பிறகு ஒருநாள் நடுவிலிருந்து தண்டு கிளம்பும். மேலே போகப் போக இலை சிறுக்கும், கிளை பிரியும், பூக்கும். பெரிய செடியைக் கண்டு ஒதுங்கிப் போனவள், அதன் குழந்தையை மடியில் பறித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"நெஜமான மாசிப்பத்திரின்னா கசக்கினா வாசம் தூக்கும்மா. எலைக்கு அடிப்பக்கம் சாம்பல் பூத்த மாதிரி வெளுப்பா இருக்கும். இதுல வாசமே இல்ல பாரு."

"மழத் தண்ணியில வாசம் பூடும்."

"உன் கைய அரிக்கறது இதுதான்."

"இத்தினி வருசமா சாமிக்கு வெச்ச எல என் கைய அரிக்குமா? போடி. பட்டான்செருவுல போயி ஆபீசர் வேல பாரு. இங்க நக்கோ." நக்கோ என்றால் இந்த ஊர்ப் பேச்சில் வேண்டாம்.

வாதம் செய்து அம்மாவை யாரும் வென்றதில்லை. அப்பா முயற்சி செய்வதை நிறுத்திப் பல வருஷங்கள் ஆகின்றன. அதனால் நான் மறுநாள் அந்த மனைக்குப் போய், கையுறை போட்டுக்கொண்டு, தட்டு விரித்த செடி ஒன்றை வேரும் மண்ணுமாகப் பெயர்த்து, பழைய பெயின்ட் டப்பாவில் நட்டுக் கொண்டுவந்தேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மதில் மேல் வைத்தேன்.

"இது என்ன ஆகுதுன்னு பாப்போம். அதுவரைக்கும் மண்டியில தவனம் வாங்கிக் கட்டு. இத மட்டும் தொடாத."

"மாசிப்பத்திரியாவே இருந்துச்சின்னா?"

"என் அட்டையக் கழட்டி உன் கழுத்துல போடறேன்."

"எனுக்கெதுக்குடி அது, கூடைக்குள்ள விழுந்து எடஞ்சல் பண்றதுக்கு" என்றாள். ஆனால் பந்தயத்துக்கு ஒத்துக்கொண்டாள்.

அதன் பிறகு வந்த நாட்கள் எனக்குக் கனவு மாதிரித்தான் நினைவிருக்கின்றன. ஹைதராபாத் மழை பெரிய சத்தம் போட்டுக்கொண்டு வராது, பல நாள் சாம்பல் நிறத்தில் ஊரின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். ரயில் கூவுவது ஈரத்துணிக்குள்ளிருந்து கேட்பதுபோல் கேட்கும். அந்த வெளிச்சத்தில் மதில் மேல் டப்பா. அம்மா பல் விளக்கும்போது அதைப் பார்ப்பாள். அப்பா சைக்கிளை எடுக்கும்போது பார்ப்பார். மழை பெய்யாத நாளில் அம்மா ஒரு சொம்புத் தண்ணீரைத் தூரத்திலிருந்தே ஊற்றுவாள். தண்ணீர் ஊற்றாதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செடி வளர வேண்டும் என்று நாங்கள் இருவருமே விரும்பினோம், ஆளுக்கொரு காரணத்துக்காக. வேலையிலிருந்து வரும் வழியில், பஸ் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கும்போது, அந்த டப்பாவிலிருந்து செடி வளர்ந்து வளர்ந்து வீட்டுக் கூரையைத் தாண்டி, சந்து முழுக்க வெள்ளையாகப் பூத்து, அதன் நடுவில் அம்மா கை தெரியாமல் உட்கார்ந்து பூக் கட்டுவதாகக் கனவு வந்தது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

தவனம் வைத்துக் கட்டிய அந்த வாரங்களில் அம்மாவின் விரல்களில் புது வெடிப்பு வரவில்லை. அதை நான் கவனித்தேன். அவளும் கவனித்தாள். "களிம்பு நல்லாத்தான் கேக்குது" என்று மட்டும் ஒருநாள் சொன்னாள்.

பிறகு செடியின் நடுவிலிருந்து தண்டு ஒன்று கிளம்பியது. ஓரங்களில் வரி ஓடிய பச்சைத் தண்டு. மேலே வந்த இலைகள் ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சிறியது. அடியில் கிடந்த பெரிய இலைகள் மஞ்சளாகிச் சோர்ந்தன. "வளந்துட்டா" என்றார் அப்பா, யாரிடமும் இல்லாமல். ஒரு காலையில் நான் எழுந்தபோது வாசற்படியில் அம்மா இல்லை. துவைக்கிற கல்லின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். செடியின் உச்சியில் அரிசிக் குருணைபோல் வெள்ளை. ஒன்றிரண்டுதான். காற்று வந்தது. செடி இடுப்பை அசைத்தது.

நான் கிட்டப் போகாமல் கதவோரம் நின்றேன்.

"எத்தினி பேரு தலயில வெச்சேன்" என்றாள் அம்மா.

அதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. அவள் தன் கையைப் பற்றி நினைப்பாள் என்று நினைத்திருந்தேன்.

"எல்லாருக்கும் ஒண்ணும் ஆகாதும்மா. சில பேருக்குத்தான் ஒத்துக்காது."

"மாமிக்குப் பின்கழுத்துல அரிப்புன்னு ரெண்டு மழையா சொல்லிக்கினு இருக்காங்க."

பால் பாக்கெட் கவர் ஒன்றை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டாள். நான் பிடுங்குகிறேன் என்று வந்ததைக் கேட்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, அடியோடு ஒரே இழுப்பு. கவரை அப்படியே உள்வெளியாகத் திருப்பி முடிச்சுப் போட்டுவிட்டாள். "நானே தண்ணி ஊத்தி வளத்தேன் பாரு" என்றாள். அவள் சிரித்தாளா என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

மாமி என்றது அந்தக் காலி மனைக்குப் பக்கத்து வீட்டு மாமி. ராணுவ ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனை அவருடைய தம்பியுடையது. தம்பி வெளிநாட்டில் இருப்பதால் மாமிதான் பார்த்துக்கொள்கிறார். அம்மாவின் கதம்பத்தைத் தினமும் வாங்குகிறவர், சவிதிக்கு இருபத்தொரு பத்ரியும் அம்மாவிடம்தான் வாங்குவார். தெருவில் பாதிப் பேர் மாமி யாரிடம் வாங்குகிறார் என்று பார்த்துத்தான் வாங்குவார்கள். அந்த வாரமே மாமி மனையை இயந்திரம் வைத்து வெட்டிவிட ஆள் சொல்லியிருப்பதாக அம்மா வந்து சொன்னாள். பண்டிகைக்கு விருந்தாளிகள் வருகிறார்களாம், பக்கத்தில் காடாகக் கிடந்தால் நன்றாக இருக்காதாம். நான் அட்டையை மாட்டிக்கொண்டு அம்மாவோடு போனேன்.

"மாமி, இப்ப மெஷின்ல வெட்டினா பொடியெல்லாம் பறந்து உங்க வீட்டுக்குள்ளதான் வரும். வேர் அப்படியே இருக்கும், அடியிலிருந்து மறுபடி தழைக்கும். பூவெல்லாம் விதையா விழுந்துடும். அது மண்ணுல வருஷக்கணக்கா காத்துண்டு இருக்கும்." மாமியோடு பேசும்போது என் தமிழ் தானாகவே கொஞ்சம் மாமியின் தமிழாகிவிடும்.

"அப்போ என்னதான்டிம்மா பண்றது? ஏதாவது மருந்து அடிச்சிடலாமா?"

"மண்ணு இளகியிருக்கு மாமி. இப்ப வேரோட பிடுங்கினா வரும். அப்பாவும் நானும் ஞாயித்துக்கிழமை செய்யறோம். பூத்ததைக் கறுப்புக் கவர்ல கட்டி வெயில்ல போட்டுடலாம். எரிக்கக் கூடாது, புகையும் ஆகாது. சுவர் இடுக்குல பிடுங்க வராததுக்கு உப்பைக் கரைச்சு கெட்டியா ஊத்தலாம், மண்ணுல மட்டும் ஊத்தக் கூடாது."

"சுவருக்கு அந்தாண்டை? அங்கேயும்தானே மண்டிக் கெடக்கு."

சுவருக்கு அந்தப் பக்கம் சாக்கடையோரமாக நீளமாக ஒரு துண்டு நிலம். அது நகராட்சியுடையதா, ரயில்வேயுடையதா என்று யாருக்கும் தெரியாது. நான் இரண்டு அலுவலகங்களுக்கும் போன் செய்து பார்த்தேன். ஒவ்வொருவரும் அது மற்றவருடையது என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார்கள். செடிக்கு அந்தக் குழப்பம் இல்லை. உடைந்த இடத்தின் வழியாக உள்ளேயும் வெளியேயும் போய்வந்துகொண்டிருந்தது. உள்ளே மட்டும் எடுத்தால் அடுத்த மழைக்கு வெளியிலிருந்து திரும்ப வந்துவிடும். "ஹவ், அப்போ ரெண்டு பக்கமும் எடுத்துடலாம், எவன் வந்து கேக்கறான்னு பாப்போம்" என்றார் அப்பா. இங்கேயே இத்தனை வருஷம் இருந்ததில், ஆமாம் என்பதற்குப் பதிலாக அவர் பேச்சில் ஒட்டிக்கொண்ட ஹவ் அது.

ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கைச் சட்டை, முகமூடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு அப்பாவும் நானும் அந்த வெள்ளைக்குள் இறங்கினோம். சின்ன வயதில் மறுபக்கம் வேறு ஊர் வரும் என்று நினைத்தேனே, அதற்குள். இரவு பெய்த மழையில் செடி ஈரமாக இருந்ததால் மகரந்தம் எழவில்லை. அடியைப் பிடித்து இழுத்தால், மண் ஒரு பெருமூச்சு விட்டு வேரைக் கொடுத்தது. அம்மாவை உள்ளே வரக்கூடாது என்று சொல்லியிருந்தேன். காற்று தன்னிடமிருந்து எங்களை நோக்கி வீசும் பக்கத்தில், தெருவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு அங்கிருந்தே வேலை வாங்கினாள்.

"ஏய், உன் காலுக்குப் பின்னால ஒண்ணு. தரையில கெடக்குது பாரு, சின்னது. அதான் கள்ளி, அத்த விடாத." அப்பாவிடம், "ரயில் ரோட்டுல கட்டை பேக்கற மாரி பேக்காதய்யா, மெதுவா, பூ கொட்டுது."

"எறங்கி வந்து நீயே புடுங்கேன்."

"ஆபீசரு வுட மாட்டேன்னுது."

வெயில் ஏறும்போது மனை வெறும் சிவப்பு மண்ணாகிக் கிடந்தது. மேகம் எழுந்து போய்விட்டது. மறுபக்கத்தில் வேறு ஊர் எதுவும் இல்லை, மாமி வீட்டுத் துணிக்கொடிதான் தெரிந்தது. கறுப்புக் கவர்களை வரிசையாக வெயிலில் அடுக்கினேன்.

சவிதிக்கு முந்தின நாள் கோயில் தெருவில் நடக்க இடம் இருக்காது. களிமண் பிள்ளையார்கள், குடைகள், தேங்காய், பத்ரிக் கட்டுகள். அன்றைக்கு நான் லீவு போட்டு அம்மாவுக்குத் துணையாக உட்கார்ந்தேன். மண்டியிலும் அந்த வருஷம் நல்ல மாசிப்பத்திரி வரவில்லை. வந்திருந்த கட்டுகளை அம்மா பிரித்துக் கசக்கி முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று வைத்துவிட்டாள். வாங்க வந்தவர்கள் கட்டைப் புரட்டிப் பார்த்து, "மாசிபத்ரி லேதா அம்மா?" என்பார்கள். அம்மா "லேதம்மா" என்பாள். சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு பக்கத்துக் கூடைக்குப் போனார்கள். அங்கே வெட்டுவெட்டான அந்தப் பச்சை இலை ஒரு குவியலாகக் கிடந்தது. அம்மா அவளிடம் சொல்லிப் பார்த்துவிட்டாள். "நீ உன் பொண்ணு பேச்சக் கேளு, நான் என் யாவாரத்தப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டாள் அவள். மதியத்துக்குள் அவள் கூடை பாதி காலியாகிவிட்டது. எங்களுடையது அப்படியே இருந்தது.

அப்போதுதான் மாமி வந்தார். கையில் கூடை, தலையில் முதல்நாள் அம்மா கட்டிய கதம்பம்.

"எடு, எடு. நம்மாத்துப் பத்ரியை எடு. நன்னா பார்த்துக் கட்டினியோல்லியோ?"

அம்மா கட்டை எடுத்துக் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாமி, இதுல மாசிப்பத்திரி இல்ல."

"இல்லையா! அதுதானேடி மொதல் பத்ரம்? அதோ அவகிட்ட இருக்கே."

"அது மாசிப்பத்திரி இல்ல மாமி. வய்யாரி பாமா. உங்க மனையில புடுங்குனமே, அதும் குட்டி. நான் இத்தினி வருசமா உங்களுக்குக் குடுத்தது அதான். கதம்பத்துலயும் அதான் வெச்சிக் கட்டினேன்." அம்மா மூச்சு வாங்கிக்கொண்டாள். "உங்க கழுத்து அரிப்பு அதால இருக்கும். எங்கையப் பாருங்க."

கையை நீட்டினாள். தெருவில் அத்தனை சத்தம். எனக்கு எதுவும் கேட்கவில்லை. மாமி கையைப் பார்த்தார். பக்கத்துக் கூடைக்காரியும் எட்டிப் பார்த்தாள். மாமியின் கை தானாகப் பின்கழுத்துக்குப் போயிற்று. இப்போது அவர் திரும்பி நடந்தால், இந்தத் தெருவில் அம்மாவின் கூடை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"இப்போ கொஞ்ச நாளா அரிப்பு இல்லைதான்" என்றார் மாமி மெதுவாக. "புது ஷாம்பூ ஒத்துண்டுடுத்துன்னு நெனச்சேன். பழைய ஷாம்பூ கம்பெனிக்காரனை நான் வெச்சு வாங்கினேனேடி, பாவம்!"

அம்மா சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காதே. சாமிக்கு வேற அதை வெச்சிருக்கேன், மொதல் பத்ரமா." மாமி கூடையைக் கீழே வைத்தார். "சரி, என்ன இப்போ? கிடைக்காத பத்ரத்துக்கு அட்சதை போட்டாப் போறது. எங்காத்துல அப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான். குடு இங்கே." கட்டை வாங்கிக்கொண்டு, பக்கத்துக் கூடை முன்னால் நின்றிருந்த இரண்டு பெண்களிடம் தெலுங்கில் உரக்கச் சொன்னார், அந்த இலையை எடுக்காதீர்கள், இடத்தில் அட்சதை போட்டுக்கொள்ளுங்கள் என்று. ராணுவ ஆய்வுக்கூடத்தில் எத்தனை பேரை அதட்டிய குரலோ அது. இருவரும் இலையைக் கீழே போட்டுவிட்டார்கள். பக்கத்துக் கூடைக்காரி என்னைப் பார்த்து, "வந்துட்டா புல்லு புடுங்கற ஆபீசரு" என்று முணுமுணுத்தாள். ஆனால் சாயங்காலம், மிச்சக் குவியலை அவள் கூடையில் எடுத்துக்கொண்டு போகவில்லை. என்னிடம் ஒரு கறுப்புக் கவர் இருக்கிறதா என்று கேட்டாள்.

அம்மாவின் கை ஒரே மழைக்காலத்தில் ஆறிவிடவில்லை. பனிக்காலம் முழுவதும் தோல் உரிந்துகொண்டே இருந்தது. வெடிப்புக்காக விரல்களில் கட்டியிருந்த துணியை ஒவ்வொன்றாக எடுத்தாள். சாமந்தி வரும் மாதங்களில் ஆள்காட்டி விரலில் மட்டும் துணி இருந்தது. மாம்பூ வாசம் வந்தபோது அதுவும் இல்லை. ஒரு விடியலில் நான் கண்ணைத் திறந்தபோது, வாசற்படியில் வெறும் விரல்கள். பூ ஒன்று, முடிச்சு ஒன்று, தவனம் ஒன்று. பல்லைக் கடிக்கும் சத்தம் இல்லை. நான் திரும்பத் தூங்கிப்போனேன்.

கோடையின் கடைசியில், மழைக்கு முன்னால், மனையிலும் சாக்கடையோரத் துண்டிலும் தகரை விதையையும் ஆவாரை விதையையும் தூவினோம். நெருக்கமாக முளைத்துவிட்டால் அவை வய்யாரி பாமாவுக்கு வெளிச்சம் விடா. மண்ணுக்குள் பழைய விதை நிறையக் காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரு வருஷத்தில் முடிகிற வேலை இல்லை. இதை அம்மாவிடம் சொன்னபோது, "உனுக்கு வேல இருந்துக்கினே இருக்கும்னு சொல்லு" என்றாள்.

முதல் மழை பெய்து சில நாள் கழித்து, அவள் கூடையோடும் நான் என் பையோடும் அந்த வழியாக நடந்தோம். சாம்பல் வெளிச்சம். மனை முழுவதும் தகரை வட்ட இலைகளோடு முளைத்திருந்தது. தூக்கத்தில் இருப்பதுபோல் அவை ஜோடி ஜோடியாக மூடியிருந்தன. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். அம்மா என் தோளைத் தட்டினாள். கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவர் உடைந்த இடத்தை முகவாயால் காட்டினாள். தகரைகளுக்கு நடுவே, தரையோடு ஒட்டி, ஒரு சின்னப் பச்சைத் தட்டு விரிந்திருந்தது.

"மாட்டு உன் கையுறைய" என்றாள். "கொழந்தயாட்டம் படுத்துக்கினு நடிக்கிறா."